இளையோர் ரோயிங்குக்கு நன்கொடை: எதற்குக் கொடுப்பது, எப்படிக் கொடுப்பது? முழுமையான வழிகாட்டி

பிள்ளைகளுக்குத் துடுப்புப் படகுப் பயிற்சி கொடுக்கும் ஓர் அமைப்புக்கு உதவலாம் என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "ஒரு படகு வாங்கிக் கொடுத்தால் என்ன?" என்பதுதான். படகு கண்ணுக்குத் தெரிகிற பொருள். பக்கவாட்டில் பெயர் எழுதலாம், முதல்முறை தண்ணீரில் இறக்கும் நாளில் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு பிள்ளை ரோயிங் பக்கமே வராமல் போவதற்கும், வந்த பிள்ளை இரண்டாவது மாதமே நின்றுவிடுவதற்கும் பின்னால் இருப்பது பெரும்பாலும் வேறு விஷயங்கள். படகுத்துறைக்கு வந்து போக வண்டி இல்லை. நீச்சல் தெரியாது. சம்பளம் கட்டுப்படியாகாமல் கோச் மாறிக்கொண்டே இருக்கிறார். கட்டணச் சலுகை கேட்க அம்மாவுக்குக் கூச்சம்.

இந்த வழிகாட்டி அந்தப் பக்கத்திலிருந்துதான் போகிறது. யார் கண்ணிலும் படாத செலவுக்குக் கொடுக்கும் பணம்தான் இந்த விளையாட்டில் அதிக வேலை செய்கிறது. அது ஏன், அதை எப்படிச் சரியாகக் கொடுப்பது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

படி 1: கதவு ஏன் இவ்வளவு குறுகலாக இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

ரோயிங் பணக்காரர் விளையாட்டு என்ற பேச்சு சும்மா வந்ததில்லை. இங்கிலாந்தில் தேம்ஸ் நதியில் 1839-இல் தொடங்கிய ஹென்லி ரெகாட்டா என்ற படகுப் போட்டி, அதில் கலந்துகொள்ளத் தகுதியான அமெச்சூர், அதாவது தொழிலாக அல்லாமல் விளையாடுபவர், யார் என்று 1879-இல் ஒரு விதி எழுதிவைத்தது. கூலிக்கு வேலை செய்யும் மெக்கானிக், கைவினைஞர், உழைப்பாளி யாரும் அதற்குள் வரமாட்டார்கள். 1920-இல் அமெரிக்காவின் ஜான் பி. கெல்லி அங்கே ஒற்றையர் போட்டிக்கு விண்ணப்பித்தபோது மறுத்துவிட்டார்கள். அவருடைய கிளப்பின் மேல் இருந்த பழைய தடை ஒரு காரணம். அவர் கொத்தனார் வேலை பார்த்தவர் என்பது இன்னொரு காரணம். அதே ஆண்டு ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் அவர் ஒற்றையரில் தங்கம் வாங்கினார், இரட்டையரிலும் வாங்கினார். 1936-இல் போலீஸ்காரர்கள் அடங்கிய ஆஸ்திரேலிய அணியையும் ஹென்லியில் சேர்த்துக்கொள்ளவில்லை. அடுத்த ஆண்டுதான் அந்த விதி மாறியது. பத்து வருடம் கழித்து, 1947-இல், கெல்லியின் மகன் அதே ஹென்லியில் அப்பாவுக்கு மறுத்த அதே போட்டியை வென்றார்.

பெண்களுக்கும் கதவு மெதுவாகத்தான் திறந்தது. ஒலிம்பிக்கில் பெண்கள் ரோயிங் 1976-இல் வந்தது, அதுவும் 1000 மீட்டர் மட்டும். ஆண்களைப் போல 2000 மீட்டர் துடுப்பு வலிக்க விட்டது 1988-இல். பாராலிம்பிக்கில் ரோயிங் சேர்ந்தது 2008-இல்.

உழைப்பாளி வீட்டுப் பிள்ளை வரக்கூடாது என்று இன்றைக்கு எந்த கிளப்பும் பலகை மாட்டுவதில்லை. ஆனால் தண்ணீர் இருக்கும் இடத்துக்குத்தான் போயாக வேண்டும். விடியற்காலைப் பயிற்சிக்குக் காரில் கொண்டுவந்து விட ஒருவர் வேண்டும். சீசன் கட்டணம், போட்டிக்கு வெளியூர்ப் பயணம், உடை என்று பின்னாலேயே வரிசை நிற்கும். இத்தனையும் சேர்ந்து, யாரும் தடுக்காமலே, பழைய விதி தள்ளிவைத்த அதே வீடுகளைத்தான் தள்ளிவைக்கின்றன. கால்பந்துக்கு ஒரு பந்தும் கொஞ்சம் வெற்று இடமும் இருந்தால் தெருப்பிள்ளைகள் தாங்களாகவே ஆடிவிடுவார்கள். ரோயிங் அப்படித் தானாக முளைக்காது. யாராவது பணம் போட்டால்தான் அது எல்லாப் பிள்ளைகளையும் எட்டும். நன்கொடைக்கான காரணம் இவ்வளவுதான்.

படி 2: பிள்ளைக்கு இதில் என்ன கிடைக்கிறது என்று நேர்மையாகக் கேளுங்கள்

இந்த விளையாட்டில் தாமதமாக வந்தாலும் பரவாயில்லை என்பது முதல் விஷயம். டென்னிஸ், ஜிம்னாஸ்டிக்ஸ் மாதிரி ஐந்து வயதில் தொடங்கியவர்களோடு மோத வேண்டிய அவசியம் இல்லை. பதினான்கு, பதினைந்து வயதில் முதன்முதலாகத் துடுப்பைத் தொட்டவர்கள் ஒலிம்பிக் வரை போயிருக்கிறார்கள். 1984 முதல் 2000 வரை தொடர்ந்து ஐந்து ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஸ்டீவ் ரெட்கிரேவ் படித்தது ஓர் அரசுப் பள்ளியில். அங்கிருந்த ஆங்கில ஆசிரியர்தான் அவரைப் படகுக்கு அழைத்துப்போனார். 2016-இல் ரியோவில் தங்கம் வென்ற பிரிட்டன் அணியின் மோ ஸ்பிஹி, பதினைந்து வயதில் திறமையானவர்களைத் தேடிப் பள்ளிக்கே வந்தவர்கள் கண்ணில் பட்டவர். இரண்டு பேருக்கும் தண்ணீரும் படகும் முன்பே அங்கேதான் இருந்தன. அவர்களைத் தேடி ஒரு ஆள் வந்ததுதான் புதிது.

பந்தைப் பிடிக்கவோ உதைக்கவோ வராத பிள்ளை, வகுப்பில் எந்த அணியிலும் கடைசியாகச் சேர்க்கப்படும் பிள்ளை இதில் நன்றாக வருவதுண்டு. உயரமும் பொறுமையும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. உயரம் இல்லாவிட்டால் காக்ஸ் இருக்கை இருக்கிறது. படகைத் திருப்புவது, கட்டளை சொல்வது, எட்டுப் பேரையும் ஒரே தாளத்தில் வைத்திருப்பது எல்லாம் அந்தச் சின்ன ஆளின் பொறுப்பு. வகுப்பில் வாய் திறக்காத ஒரு பெண் படகில் ஏறியதும் எட்டுப் பேரை அதட்டுவதைப் பார்த்தால், எதற்காக இதற்குக் கொடுக்கிறோம் என்று யாரும் விளக்க வேண்டியிருக்காது.

அப்புறம், ரோயிங்குக்கே உரிய ஒரு விஷயம். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணத்தை எதற்குக் கொடுப்பது என்பது இதில்தான் இருக்கிறது. எட்டுப் பேர் வலிக்கும் படகில் ஆளுக்கு ஒரு துடுப்பு, நான்கு இடப்பக்கம், நான்கு வலப்பக்கம். அன்றைக்கு ஏழு பேர்தான் வந்தார்கள் என்றால் அந்தப் படகு தண்ணீரில் இறங்காது. கோச் ஆட்களைப் பிரித்துச் சின்னப் படகுகளில் ஏற்றுவார், மிச்சப் பேர் கொட்டகைக்குள் ரோயிங் மெஷினில் உட்காருவார்கள். வாரக்கணக்கில் பழகிய அணி அன்றைக்கு அணியாகப் பழகாது. ஆக, ஒரு பிள்ளைக்குப் பஸ் தவறினால் நஷ்டம் ஒன்பது பேருக்கு. நாம் வராவிட்டால் மற்றவர்கள் இறங்க முடியாது என்று ஒரு பதினான்கு வயதுப் பிள்ளை உணர்வதுதான் இந்த விளையாட்டு கற்றுக்கொடுப்பதில் பெரியது. வர வழியே இல்லாத பிள்ளைக்கு அதே விஷயம் குற்ற உணர்வாக மாறிவிடும். நாலைந்து முறை மற்றவர்களின் பயிற்சியைக் கெடுத்த பிள்ளை, ஆறாவது முறை தானாகவே நின்றுவிடும்.

இங்கே கொஞ்சம் அளவோடும் பேச வேண்டும். துடுப்பு வலித்தால் மதிப்பெண் ஏறும், வாழ்க்கை மாறும் என்று துண்டறிக்கைகள் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். தொடர்ந்து வரக்கூடிய பிள்ளைகள் ஏற்கெனவே ஓரளவு ஒழுங்கான பிள்ளைகளாக இருக்கலாம். படிப்பும் முன்னேற வேண்டும் என்றால் படிப்புக்கென்று தனியாக உழைக்க வேண்டும். 2002-இல் தொடங்கிய 'ரோ நியூயார்க்' என்ற அமைப்பு ரோயிங்கோடு பாடத்துக்கான உதவியையும் சேர்த்தே நடத்துகிறது. 'லண்டன் யூத் ரோயிங்' ரோயிங் மெஷின்களைப் பள்ளிகளுக்குள் கொண்டுபோய், தண்ணீர் பக்கத்தில் இல்லாத பிள்ளைகளிடமிருந்து தொடங்குகிறது. தாங்கள் சொல்லும் பலனுக்குத் தனியாக ஆள் போட்டு உழைக்கும் அமைப்பா, அல்லது விளையாட்டு தானாகவே எல்லாவற்றையும் செய்துவிடும் என்று நம்பும் அமைப்பா என்று பாருங்கள்.

அமெரிக்கக் கல்லூரிகளில் பெண்கள் ரோயிங்குக்கு உதவித்தொகை கிடைப்பது உண்மைதான். கல்வி நிலையங்களில் ஆண், பெண் பாகுபாடு கூடாது என்று 1972-இல் வந்த டைட்டில் நைன் சட்டத்துக்குப் பிறகு வந்த வளர்ச்சி அது. 1997 முதல் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏ நடத்தும் சாம்பியன்ஷிப்பும் நடக்கிறது. ஆனால் எண்ணிக்கையில் அது மிகச் சிலருக்குத்தான். "எங்களிடம் சேர்த்தால் ஸ்காலர்ஷிப் நிச்சயம்" என்பதை முதல் வரியாகச் சொல்லும் திட்டத்தைச் சந்தேகத்தோடு பாருங்கள்.

படி 3: பணம் எங்கே போகிறது என்று பிரித்துப் பாருங்கள்

படகு விலை உயர்ந்தது என்பதில் சந்தேகமில்லை. போட்டி விதிப்படி எட்டுப் பேர் படகின் குறைந்தபட்ச எடை 96 கிலோ, ஒற்றையர் படகின் எடை 14 கிலோ. பெரிய படகு 17 மீட்டருக்குப் பக்கத்தில் நீளம். அவ்வளவு நீளத்தை அவ்வளவு எடையில் செய்ய கார்பன் ஃபைபர் மாதிரியான பொருள் வேண்டும், அதனால்தான் விலை. ஆனால் நன்றாகப் பராமரித்த படகு பல வருடம் உழைக்கும். பிள்ளைகள் கற்றுக்கொள்ள விலை உயர்ந்த போட்டிப் படகு தேவையும் இல்லை. அகலமான, எளிதில் கவிழாத பயிற்சிப் படகுதான் தேவை.

வருடா வருடம் விழும் செலவுகள் வேறு. நான் வரிசைப்படுத்தினால் இப்படி வரும்.

முதலில் போக்குவரத்து. பள்ளியிலிருந்து படகுத்துறைக்கும், அங்கிருந்து வீட்டுக்கும். காரணத்தை மேலே சொல்லிவிட்டேன். ஒரு வேன், ஒரு ஓட்டுநர், எரிபொருள், காப்பீடு. கேட்க அலுப்பாகத்தான் இருக்கும். எட்டு இருக்கையும் நிரம்புவது இதனால்தான்.

அடுத்து நீச்சல். நீச்சல் குளம் பக்கத்தில் இல்லாத, கட்டணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகள் இந்த இடத்திலேயே கழிந்துபோகிறார்கள். "நீச்சல் தெரிந்தால் மட்டும் வா" என்று சொல்லும் திட்டம் பாதிப் பேரை வாசலிலேயே அனுப்பிவிடும். "தெரியாதா, சரி, முதல் இரண்டு மாதம் குளத்தில்" என்று சொல்ல வேண்டுமென்றால் அதற்கு ஒரு நிதி இருக்க வேண்டும்.

மூன்றாவது கோச் சம்பளம். நன்கொடையாளர்கள் மிகவும் தயங்குவது இதற்குத்தான், "சம்பளத்துக்கா கொடுக்க வேண்டும்?" என்று. என்னைக் கேட்டால் தயங்கவே கூடாத இடம் இது. பிள்ளை ஒட்டிக்கொள்வது ஆளிடம்தான். வருடத்துக்கு ஒரு கோச் மாறினால், வீட்டில் என்ன நடக்கிறது என்று அந்தப் பிள்ளை யாரிடமும் சொல்லாது.

அதற்குப் பிறகு பாதுகாப்பு மோட்டார் படகு, அதற்கு எரிபொருள், உயிர்காப்பு உடைகள், காப்பீடு, பழுது பார்த்தல், டிரெய்லர், போட்டிக் கட்டணம். படகு கடைசியில் வருகிறது. சில திட்டங்களுக்கு உண்மையிலேயே படகுதான் குறையாக இருக்கும். அதை அவர்கள் சொல்ல வேண்டும், நாம் முடிவு செய்யக்கூடாது.

படி 4: காகிதத்தில் சரிபாருங்கள்

பதிவு பெற்ற தொண்டு அமைப்பா என்று முதலில் பாருங்கள். அமெரிக்காவில் என்றால் அமைப்பு வருடாந்திரம் தாக்கல் செய்யும் படிவம் 990-ஐ யார் வேண்டுமானாலும் படிக்கலாம். இங்கிலாந்து, வேல்ஸில் அறக்கட்டளை ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் வரவு செலவு இருக்கும். வேறு நாடுகளில் அந்தந்த நாட்டுப் பதிவேடு. வரிச்சலுகை உண்டா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

நிர்வாகச் செலவு எத்தனை சதவீதம் என்பதை மட்டும் வைத்து அமைப்பை எடைபோடும் பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது. அதை நான் பெரிதாக மதிப்பதில்லை. கணக்கு எழுத ஆள் வைக்காத சின்ன அமைப்பு அந்த எண்ணில் அழகாகத் தெரியும், இரண்டு வருடத்தில் மூடியும் போகும். அதைவிட உருப்படியான கேள்விகள் சில உண்டு.

போன வருடம் சேர்ந்த பிள்ளைகளில் எத்தனை பேர் இந்த வருடமும் வருகிறார்கள்? நின்றவர்கள் ஏன் நின்றார்கள்? இந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் வைத்திருக்கும் அமைப்பு நல்ல அமைப்பு. "தெரியவில்லை, கேட்டதில்லை" என்று சொன்னால் யோசியுங்கள்.

சேர்ப்பது எப்படி? உடல்திறன் தேர்வு வைத்துப் பொறுக்கி எடுக்கிறார்களா, வருபவர்களையெல்லாம் சேர்த்துக்கொள்கிறார்களா? இரண்டும் தப்பில்லை, ஆனால் இரண்டும் வேறு வேலைகள். முதலாவது வீரர்களைத் தேடுவது, இரண்டாவது பிள்ளைகளுக்காக நடத்துவது. உங்கள் பணம் எதற்கு என்று நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.

கட்டணச் சலுகையை எப்படிக் கொடுக்கிறார்கள்? இது சின்ன விஷயமாகத் தெரியும். வருமானச் சான்று, கடிதம், நேர்காணல் என்று கேட்டால் உண்மையிலேயே தேவைப்படும் குடும்பம்தான் முதலில் பின்வாங்கும். விண்ணப்பப் படிவத்திலேயே நாலைந்து கட்டணத் தொகைகளைக் கொடுத்து, "உங்களால் முடிந்ததை டிக் செய்யுங்கள்" என்று விட்டுவிடும் முறை எவ்வளவோ மேல். யாராவது ஏமாற்றுவார்களே என்பீர்கள். ஏமாற்றட்டும், கூச்சப்பட்டு வராமல் போகிறவர்கள்தான் எனக்குப் பெரிய கவலை.

படி 5: நேரில் போய்ப் பாருங்கள்

காகிதம் சொல்லாததைப் படகுத்துறை சொல்லும். விழா நாளில் போக வேண்டாம், சாதாரணப் பயிற்சி நாளில் அனுமதி கேட்டுப் போங்கள். பயிற்சி முடிந்து படகு கரைக்கு வரும் நேரம் நல்ல நேரம். காக்ஸ் குரல் கொடுக்க, எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் இறங்கி, குனிந்து, படகைத் தண்ணீரிலிருந்து தலைக்கு மேல் தூக்கி, தோளில் இறக்கி நடப்பார்கள். அந்த ஒரு நிமிடத்தில் நிறையத் தெரிந்துவிடும். புதிதாக வந்த பிள்ளையை யார் பார்த்துக்கொள்கிறார்கள், தவறு நடந்தால் கோச் கத்துகிறாரா, சொல்லிக்கொடுக்கிறாரா, துடுப்புகளை யார் கழுவுகிறார்கள், ஒரு ஓரத்தில் தனியாக நிற்பது யார் என்று பாருங்கள்.

படகு தாங்கியில் ஏறிய பிறகு பக்கத்தில் போய் இரண்டு இடங்களைக் கவனியுங்கள். படகின் முனையில் ஒரு ரப்பர் பந்து இருக்க வேண்டும். கூரான முனை இன்னொருவர் முதுகில் குத்திவிடாமல் காப்பது அது. உள்ளே காலணிகள் படகோடு பொருத்தப்பட்டிருக்கும். அவற்றின் குதிகாலில் ஒரு குட்டிக் கயிறு கட்டியிருக்க வேண்டும். படகு கவிழ்ந்தால் காலை இழுக்கும்போது காலணியும் கூடவே எழும்பாமல் அந்தக் கயிறு பிடித்துக்கொள்ளும், கால் வெளியே வந்துவிடும். ஒரு கயிற்றுத் துண்டுக்கு என்ன விலை இருந்துவிடப் போகிறது! அது அறுந்து தொங்கினால் அங்கே வேறு எதையெல்லாம் கவனிக்காமல் விட்டிருப்பார்கள் என்று யோசிக்கலாம்.

மேலும் கேட்க வேண்டியவை: பிள்ளைகள் தண்ணீரில் இருக்கும்போதெல்லாம் கோச்சின் மோட்டார் படகு கூடவே போகிறதா? அதில் எல்லோருக்கும் போதுமான உயிர்காப்பு உடையும் வீசியெறியும் கயிறும் இருக்கின்றனவா? கவிழ்ந்தால் என்ன செய்வது என்று தண்ணீரிலேயே பழக்கியிருக்கிறார்களா? தண்ணீரின் வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே போனால் விழுந்தவுடனே மூச்சுத் திணறும், நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள்கூடத் தடுமாறுவார்கள். அதற்கென்று தனி விதி வைத்திருக்கிறார்களா? இடி கேட்டால் கரைக்கு வந்து, கடைசி இடிக்குப் பின் அரை மணி நேரம் காத்திருப்பது வழக்கம். அதை யார் முடிவு செய்கிறார்கள்?

பிள்ளைகளின் பாதுகாப்பு தண்ணீரோடு முடிவதில்லை. பெரியவர் ஒருவர் ஒரு பிள்ளையோடு மூடிய அறையிலோ வண்டியிலோ தனியாக இருக்கக்கூடாது என்ற விதி எழுத்தில் இருக்க வேண்டும். கோச், தன்னார்வலர், வேன் ஓட்டுநர் என்று எல்லோருடைய பின்னணியையும் சரிபார்த்திருக்க வேண்டும். புகார் சொல்ல, கோச்சுக்கு மேலே ஒருவரின் பெயர் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கோச்சைக் கேட்காதீர்கள், அங்கே நிற்கும் ஒரு பிள்ளையிடம், கோச் பக்கத்தில் இருக்கும்போதே, "உங்களுக்கு ஏதாவது பிரச்சினை என்றால் யாரிடம் சொல்வீர்கள்?" என்று சாதாரணமாகக் கேளுங்கள். பதில் உடனே வருகிறதா, பார்வை எங்கே போகிறது என்று கவனித்தாலே போதும்.

எடை பற்றியும் ஒரு வார்த்தை. குறிப்பிட்ட எடைக்குள் இருப்பவர்களுக்கான லைட்வெயிட் போட்டிகள் 2024 பாரிஸோடு ஒலிம்பிக்கிலிருந்து போய்விட்டன. வளரும் பிள்ளையை, காக்ஸாக இருந்தாலும் சரி, எடை குறைக்கச் சொல்லும் கோச் இருக்கும் இடத்துக்கு நான் பணம் கொடுக்க மாட்டேன்.

படி 6: கொடுக்கும் விதத்தை முடிவு செய்யுங்கள்

ஒரே தடவையில் பெரிய தொகையா, மாதாமாதம் சின்னத் தொகையா என்றால் இரண்டாவதையே சொல்வேன். கோச்சுக்கு ஒரு வருட ஒப்பந்தம் போடுவதா மூன்று வருட ஒப்பந்தம் போடுவதா என்பதை, அமைப்பு கையில் உறுதியாக இருக்கும் பணத்தை வைத்துத்தான் தீர்மானிக்கும். "மூன்று வருடம் தருகிறேன்" என்று நீங்கள் எழுதிக்கொடுப்பது, அதே தொகையை மூன்று தனித்தனி வருடங்களில் நினைத்தபோது கொடுப்பதைவிட அவர்களுக்கு அதிகம் உதவும்.

"இதற்கு மட்டும்" என்று நிபந்தனை போட்டுக் கொடுப்பதா, பொது நிதிக்குக் கொடுப்பதா? நேரில் போய்ப் பார்த்து, கணக்கையும் படித்து, நம்பிக்கை வந்துவிட்டதென்றால் பொது நிதிக்கே கொடுங்கள். அவ்வளவு தூரம் மனம் வரவில்லை என்றால் பாதியைப் போக்குவரத்துக்கோ நீச்சலுக்கோ என்று குறித்துக் கொடுக்கலாம். நிபந்தனையை எழுத்தில் போடுங்கள், கூடவே "அந்தத் தேவை தீர்ந்துவிட்டால் வேறு செலவுக்குப் பயன்படுத்தலாம்" என்ற வரியையும் சேருங்கள். இந்த வரி இல்லாததால் யாருக்கும் பயன்படாமல் கணக்கில் தூங்கும் பணம் உண்டு.

வேலை செய்யும் நிறுவனம் ஊழியர் கொடுக்கும் தொகைக்கு ஈடாகத் தானும் கொடுக்குமா என்று கேட்டுப் பாருங்கள். பிரிட்டனில் வரி கட்டுபவர் என்றால் 'கிஃப்ட் எய்ட்' படிவத்தில் ஒரு டிக் போட மறக்காதீர்கள், உங்கள் தொகையின் மேல் 25% அரசிடமிருந்து அமைப்புக்குப் போகும்.

பழைய படகைக் கொடுக்க நினைப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு ரேஸிங் படகும் ஒரு குறிப்பிட்ட எடையுள்ள ஆட்களுக்காக வடிவமைத்தது. தயாரித்த ஆண்டும், எந்தச் சராசரி எடைக்கானது என்பதும் படகுக்குள் ஒரு சின்னத் தகட்டில் இருக்கும். தொண்ணூறு கிலோ ஆண்களுக்காகச் செய்த படகில் ஐம்பது கிலோப் பிள்ளைகள் ஏறினால், படகு தண்ணீரில் போதிய அளவு அமிழாது. உயரமாக மிதந்து ஆடும், காற்றடித்தால் ஒரு பக்கம் இழுக்கும், துடுப்பின் அலகைத் தண்ணீருக்குள் இறக்கப் பிள்ளைகள் கையைத் தூக்கித் திண்டாடுவார்கள். பார்க்க அழகான படகு, கொட்டகையில் இடத்தை மட்டும் அடைத்துக்கொண்டு கிடக்கும். பெரிய கிளப்புகள் தாங்கள் கழித்துப்போட நினைக்கும் படகை "ஏழைப் பிள்ளைகளுக்குத் தானம்" என்று தள்ளிவிடுவதும் நடக்கிறது. தகட்டைப் படித்து, எடையையும் ஆண்டையும் சொல்லி, உடலில் விரிசல் உண்டா என்று காட்டி, "உங்களுக்கு இது வேண்டுமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விற்றுப் பணமாகக் கொடுங்கள். ரோயிங் மெஷின்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. பழையதானாலும் சங்கிலியும் இருக்கையும் சரியாக ஓடினால் எந்த எடையில் இருப்பவரும் உட்காரலாம்.

படி 7: பணம் இல்லையென்றால்

கணக்கு எழுதத் தெரிந்தவர், சட்டம் தெரிந்தவர், மோட்டார் படகு ஓட்ட உரிமம் உள்ளவர், கண்ணாடியிழை ஒட்டத் தெரிந்தவர், கணக்குப் பாடம் சொல்லித்தரக்கூடியவர் எல்லோருக்கும் வேலை இருக்கிறது. ஒரே நிபந்தனை: ஒப்புக்கொண்ட நாளில் வர வேண்டும். உற்சாகத்தில் வந்து பாதியில் காணாமல் போகும் தன்னார்வலரைப் பிள்ளைகள் ஏற்கெனவே நிறையப் பார்த்திருப்பார்கள்.

படி 8: கொடுத்த பிறகு

வருடத்துக்கு ஒரு முறை கேளுங்கள், மாதத்துக்கு ஒரு முறை வேண்டாம். சின்ன அமைப்புகளில் அறிக்கை எழுதுவதும் கோச்தான். நீங்கள் கேட்கும் ஒவ்வொரு பக்கமும் பயிற்சி நேரத்திலிருந்து போகிறது. கேட்பதும் நாலு எண்கள்தான்: எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் தொடர்ந்தார்கள், அவர்களில் கட்டணச் சலுகை பெற்றவர்கள் எத்தனை பேர், புதிதாக நீச்சல் கற்றவர்கள் எத்தனை பேர். பதக்கக் கணக்கு தானாகவே வந்து சேரும், அதைக் கேட்க வேண்டியதில்லை.

பிள்ளைகளின் கஷ்டக் கதையும் படமும் கேட்காதீர்கள். "உங்கள் பணத்தால்தான் இந்தப் பெண் படகில் இருக்கிறாள்" என்று ஒரு பெண்ணை மேடையேற்றி நன்றி சொல்ல வைக்கும் விழாக்கள் உண்டு. பக்கத்து இருக்கைத் தோழிக்கு அதுவரை தெரியாத விஷயம் அன்றைக்குத் தெரிந்துவிடும். அப்படி ஒரு விழாவுக்கு அழைப்பு வந்தால், அந்தப் பகுதி வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நன்கொடையாளர் சொன்னால் கேட்பார்கள்.

நிறுத்த வேண்டிய நேரமும் வரலாம். தொடர்பவர்களின் எண்ணிக்கை இரண்டு வருடம் சேர்ந்தாற்போல் இறங்கி, ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை என்றால். பாதுகாப்புப் புகார் வந்து அதை மூடி மறைத்தார்கள் என்று தெரிந்தால். சலுகையில் சேர்ந்த பிள்ளைகள் குறைந்து, முழுக் கட்டணம் கட்டுபவர்களின் போட்டி அணிக்கே செலவெல்லாம் போகிறது என்றால், பேசிப் பாருங்கள். மாறவில்லை என்றால் நிறுத்துங்கள். புகார் விஷயத்தில் மட்டும் பேச்சு வேண்டாம், உடனே நிறுத்திவிட்டு உரிய இடத்தில் தெரிவியுங்கள். மற்றபடி திடீரென்று நிறுத்தாமல் ஆறு மாதம் முன்பே எழுத்தில் சொல்லிவிடுங்கள், சீசன் நடுவில் வேன் நின்றுபோகக் கூடாது.